தாய்க்கு லேகியம், பிள்ளைக்குத் தாய்ப்பால்

மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் தமிழர்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். தாராவியில் பல குடும்பங்களின் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். மகளுக்குப் பிரசவம் என்றால் ஊரிலிருந்து தாயார் ரயில் ஏறி வருவார். அவர் பையில் சுக்கு, திப்பிலி, ஓமம், வசம்பு எல்லாம் இருக்கும். கொண்டு வராவிட்டாலும் மும்பைக் கடைகளில் வாங்கலாம். பெயர்தான் வேறு. மராத்தியில் சுக்கை சுண்ட் என்பார்கள். ஓமத்தை ஓவா என்பார்கள். வசம்பை வேகண்ட் என்பார்கள்.

இந்த மருந்துகளை யாருக்குக் கொடுக்கலாம்? யாருக்குக் கொடுக்கக் கூடாது? இதைத் தெரிந்துகொள்வது மிகவும் முக்கியம்.

தாயின் வயிறு

பிள்ளை பெற்ற தாய்க்குப் பசி மந்தமாக இருக்கும். வயிறு உப்பும். மலம் கட்டும். ஆயுர்வேதம் இந்தக் காலத்தைச் சூதிகா காலம் என்று சொல்கிறது. இது சுமார் ஒன்றரை மாதம். அப்போது செரிமான சக்தி குறைந்திருக்கும். ஆகவே சூடான, எளிதில் செரிக்கும் உணவு வேண்டும் என்று ஆயுர்வேதம் சொல்கிறது.

இதற்காகத்தான் பிரசவ லேகியம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம் இவற்றை வறுத்துப் பொடிப்பார்கள். வெல்லப் பாகில் போட்டு நெய்விட்டுக் கிளறுவார்கள். சிறு நெல்லிக்காய் அளவு சாப்பிடுவது வழக்கம். நெஞ்சு எரிந்தால் நிறுத்திவிட வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது.

ஆனால் ஒரு பழக்கத்தை விட வேண்டும். தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று சிலர் தாய்க்குத் தண்ணீரைக் குறைக்கிறார்கள். இது தவறு. தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் அதிகமாகும். பாலூட்டும் தாய்க்குத் தாகம் அதிகம். கொதித்து ஆறிய தண்ணீரை நிறையக் கொடுங்கள். கீரையும் காயும் கொடுங்கள்.

கடையில் லேகியம் வாங்கினால் லேபிளைப் படியுங்கள். என்னென்ன சேர்ந்திருக்கிறது? எந்தத் தேதி வரை சாப்பிடலாம்? உரிம எண் இருக்கிறதா? பஸ்பம், செந்தூரம் என்று எழுதியிருந்தால் அதில் உலோகம் இருக்கலாம். வைத்தியர் சொல்லாமல் அதைச் சாப்பிடக் கூடாது.

பிள்ளையின் வயிறு

வசம்பு, ஜாதிக்காய், கடுக்காய் ஆகியவற்றைக் கல்லில் உரைத்துப் பிள்ளையின் நாக்கில் தடவுவார்கள். இதுதான் உரை மருந்து. தமிழில் வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே ஒரு பெயர் உண்டு. பாட்டிமார் அன்போடுதான் கொடுக்கிறார்கள். ஆனால் கல், கை, தண்ணீர் இவற்றில் உள்ள கிருமியும் மருந்தோடு சேர்ந்து உள்ளே போகும். மருந்தின் அளவும் சரியாகத் தெரியாது. பச்சைப் பிள்ளையின் உடல் அதைத் தாங்காது.

தேனும் வேண்டாம். தேனில் ஒருவகைக் கிருமி இருக்கலாம். பெரியவர்களை அது ஒன்றும் செய்யாது. ஒரு வயது ஆகாத பிள்ளைக்கு அது கை கால்களைத் தளரச் செய்து, மூச்சையே நிறுத்திவிடக் கூடும்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள். அதுதான் நோயைத் தடுக்கும் முதல் மருந்து.

தாராவிக்குப் பக்கத்தில் உள்ள சயான் மருத்துவமனையே இதற்குச் சாட்சி. அங்கே 1989-இல் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே அதுதான் முதல் தாய்ப்பால் வங்கி. தாய்மார்கள் தங்களிடம் மிஞ்சும் பாலை அங்கே தானமாகத் தருகிறார்கள். எடை குறைந்து பிறந்த பிள்ளைகளுக்கு அந்தப் பால் போகிறது. பெரிய டாக்டர்களே தாய்ப்பாலைத்தான் மருந்தாகக் கொடுக்கிறார்கள்.

பிள்ளை அழுதால் என்ன செய்யலாம்?

பால் கொடுத்த பிறகு தோளில் சாய்த்து முதுகை மெல்லத் தட்டுங்கள். ஏப்பம் வரும். வெதுவெதுப்பான கையால் வயிற்றை வட்டமாகத் தடவுங்கள். கால்களை மெல்ல மடக்கி நீட்டுங்கள். காற்றுப் பிரியும். தொப்புள் புண் ஆறும் வரை அதன்மேல் எதையும் தடவக் கூடாது.

தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை ஒரு நாளில் பல தடவை மலம் கழிக்கலாம். சில நாள் கழிக்காமலும் இருக்கலாம். மலம் இளகலாக இருந்து, பிள்ளை நன்றாகப் பால் குடித்தால் பயமில்லை.

வயிற்றுப்போக்கு வந்தால்?

மலம் தண்ணீராகப் போனால் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். இன்னும் அடிக்கடி கொடுங்கள். மாநகராட்சி மருத்துவமனையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் கிடைக்கும். எவ்வளவு தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று பொட்டலத்திலேயே எழுதியிருக்கும். படித்து, அளந்து கரையுங்கள். தண்ணீர் குறைந்தால் உப்பு கூடிவிடும். அது ஆபத்து. இரண்டு மாதம் ஆகாத பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

இந்த அறிகுறிகள் தெரிந்தால் எந்த வயதுப் பிள்ளையையும் உடனே தூக்கிக்கொண்டு போங்கள்:

பால் குடிக்க மறுப்பது.
பச்சை நிறமாக வாந்தி எடுப்பது.
மலத்தில் இரத்தம்.
காய்ச்சல், அல்லது உடல் சில்லிடுவது.
கண் குழி விழுவது, சிறுநீர் குறைவது.
துவண்டு கிடப்பது.

அவசரம் என்றால் 108-க்குப் போன் செய்து ஆம்புலன்ஸை அழையுங்கள்.

பாட்டியின் கை வைத்தியம் தாயைத் தேற்றட்டும். பச்சைப் பிள்ளைக்குத் தாய்ப்பாலே வைத்தியம்.