திரை கிழிந்த பின்னும் வாசலிலேயே நிற்பதேன்?



பொகவந்தலாவைத் தோட்டங்களின் முதியவர்களிடம் வெள்ளைத் துரைமாரின் காலத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். துரை எதிரே வந்தால் குடையை மடக்கி, தலைப்பாகையை அவிழ்த்து, வழியோரம் ஒதுங்கி நின்ற கதையைச் சொல்வார்கள். என்ன தேவையென்றாலும் தொழிலாளி நேரே பங்களா வாசலுக்குச் செல்ல இயலாது. கங்காணியிடம் சொல்லிக் காத்திருக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பழகிய இந்த ஒதுக்கம் நம்மை ஆலயம் வரையிலும் தொடர்ந்து வருகிறது. முன்வரிசை காலியாயிருக்க, வாசற்படியருகே நின்றபடியே திருப்பலி காண்போர் எத்தனை பேர்! "சாமி, நாங்க கேட்டா ஆகுமா? நீங்க சொல்லுங்க" என்போர் எத்தனை பேர்!

எருசலேம் ஆலயமும் வாசலுக்குள் வாசலாகவே அமைந்திருந்தது. பிற இனத்தார் வெளிமுற்றத்தைத் தாண்டி உள்ளே வந்தால் சாவு நேரிடும் என எச்சரித்த கிரேக்கக் கல்வெட்டு ஒன்று 1871இல் கண்டெடுக்கப்பட்டு, இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் உள்ளது. பெண்களுக்கும் ஆண்களுக்கும் குருக்களுக்கும் தனித்தனி எல்லைகள். யாவற்றுக்கும் உள்ளே, திரைக்கு அப்பால், திருத்தூயகம். அங்கே தலைமைக் குரு மட்டும், ஆண்டுக்கு ஒருமுறை, பலியின் இரத்தத்தோடு நுழைவார். இயேசு உயிர்விட்ட வேளையில் அத்திரை மேலிருந்து கீழ்வரை கிழிந்தது என்கிறார் மாற்கு. மேலிருந்து கிழிந்தது என்பதைக் கவனியுங்கள். திறந்தவர் இறைவனே.

எபேசியருக்கு எழுதும் பவுலடியார், நாம் இனி அந்நியர் அல்லர், இறைமக்களோடு உடன் குடிமக்கள், கடவுளின் வீட்டார் என்கிறார். வேறெங்கும் இது உவமையாகக் கேட்கலாம்; மலையகத்தில் அப்படிக் கேட்க முடியாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் முன்னோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் இரு நாட்டுப் பிரதமர்களும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று, கொழுந்துச் சாக்குகளைப் பங்கிடுவதுபோல் பங்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டனர். அந்த முதல் ஒப்பந்தம் கைச்சாத்தாகி மூன்று வாரங்களில், 1964 நவம்பர் 21இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய தன் கொள்கைத் திரட்டை வெளியிட்டது. திருமுழுக்குப் பெற்ற அனைவரும் கிறிஸ்துவின் குருத்துவத்தில் பங்குடையோர் என அது கற்பித்தது. எந்த நாடும் தனக்கு வேண்டாமென்ற கொழுந்து பறிக்கும் தாயும் அதில் அடங்குவார்.

அப்படியாயின் குருக்களாகிய நாங்கள் எதற்கு, புனிதர்கள் எதற்கு என நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அன்னை மரியாவும் புனிதர்களும் வாசற்காவலர் அல்லர். தந்தையின் வீட்டில் நமக்கு முன்னே குடிபுகுந்த மூத்தோர். நமக்காகவும் நம்மோடும் மன்றாடுகிறார்கள். குரு ஒப்புரவு அருட்சாதனத்தில் கதவைத் திறக்கவே அமர்ந்திருக்கிறார். (அவர் முகம் கடுகடுப்பாயிருந்தால் அது அவருடைய குறை, கதவு திறந்தே இருக்கிறது.) இணைப்பாளரோ இயேசு ஒருவரே. நம் தலைகளை எண்ணித் தலைக்காசு பெற்றவர் கங்காணி. கிறிஸ்துவோ நமக்காகத் தம் இரத்தத்தையே விலையாகக் கொடுத்தவர்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்த நாடற்றோருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை அளித்தது. அதன் பின்பும் அடையாள அட்டை எடுக்காதிருந்தோர் பலர். சிலருக்குச் செய்தி எட்டவில்லை. எட்டியவர்களுள்ளும் கந்தோர்ப் படியேறத் தயங்கியோர் உண்டு. எபிரேயருக்கு எழுதியவர் இத்தகைய தயக்கத்தை அறிந்தவர் போலும். வழி திறந்துவிட்டது என்று அறிவித்ததோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. வாருங்கள், துணிவோடு அணுகிச் செல்வோம் என்று அழைக்கவும் செய்கிறார்.

இன்றிரவு லயத்துக் காம்பராவில் குடும்பச் செபம் முடிந்ததும், சற்று நேரம் உங்கள் சொந்தச் சொற்களிலேயே தந்தையோடு பேசுங்கள். மகளின் படிப்பு, கணவரின் குடி, மாத முடிவுக்குள் தீர்ந்துபோகும் சம்பளம், யாரிடமும் சொல்லாத அந்தப் பழைய பாவம் எல்லாவற்றையும் சொல்லுங்கள்.