இந்த வருஷம் வள்ளி யாரு?

மாசி முடிவதற்குள் மானாவாரி வெள்ளாமை பெரும்பாலும் வீடு வந்து சேர்ந்துவிடும். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் வழியெங்கும் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்; கண்ணுக்குப் பச்சையாகத் தெரிவது சீமைக்கருவேல் மட்டும். அப்போதுதான் ஊர்களில் கூட்டம் போடுவார்கள். தலைக்கட்டு வரி பேசி, அம்மன் கோயில் பொங்கலுக்கு நாள் குறிப்பார்கள். வரி எவ்வளவு என்று முடிவானதும் எழும் கேள்வி, நாடகம் உண்டா என்பது. உண்டு என்று தெரிந்துவிட்டால் அடுத்தது: "வள்ளி யாரு?"

என்ன நாடகம் என்று அவ்வளவாக யாரும் கேட்பதில்லை. அரிச்சந்திரா, பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி எல்லாம் உண்டென்றாலும் கோயில் பொங்கலுக்கு முதலில் நினைவுக்கு வருவது வள்ளி திருமணம்தான். தினைப்புனம், பரண், ஆலோலம், நாரதர் வருகை, வேடன், கிழவன், யானை, கடைசியில் கல்யாணம். கதை பிறந்த குழந்தைக்கும் தெரியும். தெரிந்த கதையில் தெரியாதது ஒன்றே ஒன்று: இந்த முறை யார் வேஷம் ஏற்கிறார்கள் என்பது. சினிமாவில் பழைய படத்தை மறுபடி எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் "ஹீரோயின் யாராம்?" என்று ஊரே பேசுகிறதே, அந்தப் பேச்சைக் கரிசல் காடு ஒரு நூற்றாண்டாகப் பேசி வருகிறது.

இதற்குக் காரணம் நாடகத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. இதன் பெயர் ஸ்பெஷல் நாடகம். முன்பு நாடகக் கம்பெனிகள் இருந்தன. ஆசிரியர் இருப்பார், ஒத்திகை நடக்கும், ஒரே ஆட்கள் ஊர் ஊராகப் போவார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) அப்படிக் கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுத்த பாட்டும் வசனமும்தான் இன்றைக்கும் அடிப்படை. ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர், ஆர்மோனியம் வேறெங்கோ. ஒவ்வொருவரையும் தனித்தனியாக அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் புக் செய்வார்கள். ஒத்திகை என்ற பேச்சே இல்லை. முருகனும் வள்ளியும் அன்றைக்கு மாலை மேக்கப் போடும் இடத்தில்தான் முதல் தடவையாக முகம் பார்த்துக்கொள்வார்கள் என்பதுகூட நடக்கிற காரியம். சுவாமிகளின் பாட்டு இருவருக்கும் மனப்பாடம். அதற்கு இடையில் யார் என்ன கேட்பார், என்ன பதில் வரும் என்பது மேடையில்தான் தெரியும்.

ஆக, அந்த மேடையில் ஒவ்வோர் இரவும் ஒரு மறு ஆக்கம். ஆள் தேர்வைத் தவிர விழாக் கமிட்டியின் கையில் வேறெதுவும் இல்லை. நோட்டீஸ் அடித்து வந்ததும் டீக்கடைச் சுவரிலும் கரண்டுக் கம்பத்திலும் ஒட்டுவார்கள். ஒவ்வொரு நடிகருக்கும் போட்டோ, பேர், வேஷம், சொந்த ஊர், பட்டங்கள். அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைஸர் மதுரையில் தங்கி இந்தக் கலைஞர்களைப் பற்றி 2005இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். இந்த நோட்டீசுகளையும் ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார். நம்மூர்க்காரர் அதற்கு டீ ஆறும் நேரம்தான் எடுத்துக்கொள்வார். "நரிக்குடிப் பக்கம் பாத்தேன். பாட்டு கணீர்னு இருக்கு. ஆனா நாரதர் மடக்குனா முழிக்குது." விமர்சனம் முடிந்தது.

அந்த ஒரு வரிக்குள் முழு அளவுகோலும் இருக்கிறது. வள்ளி வேஷத்துக்கு அழகு வேண்டும், குரல் வேண்டும். ஆனால் தேர்வு நடப்பது தர்க்கத்தில். இரவு பத்து மணிக்கு மேல் பபூன் வந்து சிரிக்கவைத்து, டான்ஸ் பெண்ணோடு பேசி ஆடி நேரத்தைக் கொண்டுபோவார். வள்ளி மேடைக்கு வர நடுநிசி ஆகிவிடும். தினைப்புனத்துக்கு வரும் நாரதர் கேள்வி கேட்கத் தொடங்குவார். நீ யார், உன்னைப் பெற்றவர் யார், மானுக்குப் பிறந்தவள் மனுஷியானது எப்படி? புராணத்தில் தொடங்கி உலக நடப்புக்கு வந்து, நேற்றைய பேப்பர் செய்தி வரைக்கும் போகலாம். வள்ளி பதில் சொல்ல வேண்டும். பதிலோடு ஒரு கேள்வியைத் திருப்பியும் வீச வேண்டும். பிறகு வேடன் வேஷத்தில் முருகன் வந்து இன்னொரு சுற்று. இது விடியும் வரை இழுக்கும். பாய் விரித்துப் படுத்திருக்கும் கிழவர் கண்ணை மூடிக்கொண்டே கேட்பார். வள்ளி நன்றாக மடக்கிவிட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். மைக்கில் அன்பளிப்பு அறிவிப்பு வரும்.

தர்க்கத்தில் வள்ளி ஜெயிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் அதே கூட்டத்தில் சிலர், பகலில் அந்தப் பெண்ணைப் பற்றி வேறு குரலில் பேசுவதும் உண்டு. ராத்திரி வேலை, ஊர் ஊராகப் பயணம், தெரியாத ஆண்களோடு மேடை என்று இந்தக் கலைஞர்கள் மேல் சுமத்தப்படும் இழிசொல்தான் சைஸரின் புத்தகத்துக்கே பொருள். ஆகவே வள்ளி ஜெயிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை ரசிகர்களின் பெருந்தன்மைக் கணக்கில் சேர்க்க முடியாது.

சினிமா வந்தபோது இதே கதையைச் சீக்கிரமே கையில் எடுத்தது. தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸ் (1931) நாயகி டி.பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து போனவர். 1933இல் வந்த வள்ளி திருமணம் படத்தில் அவர்தான் வள்ளி. 1945இல் ஏ.வி. மெய்யப்பன் ஸ்ரீவள்ளி எடுத்தார். முருகன் டி.ஆர். மகாலிங்கம், சோழவந்தான் பக்கத்துத் தென்கரைக்காரர். வள்ளி குமாரி ருக்மணி, பின்னாளில் நடிகை லட்சுமியின் அம்மா. ருக்மணியின் பாட்டு மெய்யப்பனுக்குத் திருப்தி தரவில்லை. பி.ஏ. பெரியநாயகியைப் பாடவைத்து அந்தக் குரலைப் படத்தில் சேர்த்தார். முகம் ஒருவர், குரல் ஒருவர். மேடையில் இது நடக்காத காரியம். அங்கே வள்ளி என்றால் தொண்டையும் சேர்த்துத்தான்.

1961இல் மறுபடி ஸ்ரீவள்ளி, டி.ஆர். ராமண்ணா இயக்கம். முருகன் சிவாஜி கணேசன், வள்ளி பத்மினி. பழைய முருகனை விட்டுவிடவில்லை: மகாலிங்கம் இதில் நாரதர். முந்தைய நாயகனுக்குப் புதுப் படத்தில் ஒரு வேஷம் கொடுத்துப் பழைய ரசிகர்களைச் சமாதானம் செய்யும் இன்றைய உத்தி அன்றே இருந்தது என்று எனக்குத் தோன்றும். மேடையில் இந்த இடமாற்றம் சாதாரணம். வயது ஏறினால் வேஷம் மாறும், யாரும் அதைச் செய்தியாக்குவதில்லை.

நம் காலத்தில், யார் நடிப்பது என்ற இந்தப் பேச்சு உச்சிக்குப் போனது சந்திரமுகி விஷயத்தில். மலையாளத்தில் 1993இல் வந்த அதன் மூலப்படம் மணிச்சித்ரத்தாழ் ஷோபனாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. அந்த வேஷத்தைக் கன்னடத்தில் சௌந்தர்யா (ஆப்தமித்ரா, 2004), தமிழில் ஜோதிகா (சந்திரமுகி, 2005), இந்தியில் வித்யா பாலன் (2007) செய்தார்கள். சௌந்தர்யா தன் படம் வெளியாகும் முன்பே விபத்தில் இறந்துபோனார். தமிழில் முதலில் நடிக்கவிருந்தவர் சிம்ரன். அவர் விலகவே அது ஜோதிகாவுக்கு வந்தது. நான்கு மொழி, நான்கு பெண்கள். யார் கண் பெரிது, யார் ஆட்டம் சுத்தம் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

பிறகு சந்திரமுகியை இயக்கிய பி. வாசுவே சந்திரமுகி 2 எடுத்தார். நாயகன் ராகவா லாரன்ஸ். கதாநாயகி பற்றிப் பல பெயர்கள் அடிபட்டு, கடைசியில் கங்கனா ரனாவத் என்று முடிவானது. ஜோதிகா இடத்தில் கங்கனாவா என்று ஒரே சண்டை. ஜோதிகாவின் நடிப்புக்கு ஈடுகொடுப்பது முடியாத காரியம் என்று கங்கனாவே வெளிப்படையாகச் சொன்னார். படம் 2023 செப்டம்பர் 28இல் வந்தது.

இந்தச் சண்டையில் ஒரு பிசகு இருக்கிறது. முதல் படத்தில் ஜோதிகா செய்தது சந்திரமுகி வேஷம் இல்லை. அவர் கங்கா, தன்னைச் சந்திரமுகி என்று நம்பிப்போகும் ஒரு குடும்பத்துப் பெண். சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும் முகம் திடீரென்று இன்னொருத்தியாக மாறும் அந்த நொடிதான் ஷோபனா முதல் வித்யா பாலன் வரை எல்லோருக்கும் வைக்கப்பட்ட பரீட்சை. கங்கனாவுக்குக் கொடுத்தது உண்மையான சந்திரமுகி, அரண்மனைக்குக் கொண்டுவரப்பட்ட அந்த நடனப்பெண். அவருக்கு மாற வேண்டிய தேவையே இல்லை. தொடக்கத்திலிருந்தே அவர் அவள்தான். ஜோதிகாவின் பரீட்சையை இரண்டாம் படத்தில் எழுதியவர் ஆவி புகுந்த பெண்ணாக நடித்த லட்சுமி மேனன். ஒப்பிடுவதானால் அவரோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். படம் வருவதற்கு முன் நடந்த பேச்சில் அவர் பெயர் எத்தனை பேர் வாயில் வந்தது?

நாடகம் பார்ப்பவர்கள் இந்தத் தப்பைச் செய்வது அபூர்வம். நோட்டீஸிலேயே ஸ்திரீபார்ட் போட்டோ ஓரிடம், டான்ஸ் போட்டோ ஓரிடம். டான்ஸ் பெண்ணை வள்ளியின் தராசில் யாரும் நிறுத்துவதில்லை. நன்றாக ஆடும் பெண்ணைப் பார்த்து "இதுக்குத் தர்க்கம் வராதே" என்று குறை சொன்னால் பக்கத்துப் பாய்க்காரர் சிரிப்பார். வேஷம் எது என்று தெரிந்த பிறகுதான் ஆள் எப்படி என்ற பேச்சு. இவர்களுக்கு சினிமா மோகம் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1977இல் எம்.ஜி.ஆர். முதல் முறை முதல்வரானது அருப்புக்கோட்டைத் தொகுதியில் ஜெயித்துத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சினிமாவில் பழைய நடிப்பு அப்படியே பதிவாகிக் கிடக்கிறது. ஜோதிகாவின் கண்களை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். புதிதாக வருபவர் அந்த மாறாத பிம்பத்தோடு போட்டி போட வேண்டும். மேடையில் போன வருஷத்து வள்ளி இருப்பது பார்த்தவர்களின் ஞாபகத்தில். ஞாபகம் கொஞ்சம் இளகும். பிடித்ததைப் பெரிதாக்கும், பிடிக்காததை மறக்கும். செல்போனில் படம்பிடித்து யூடியூபில் ஏற்றும் பழக்கம் வந்த பிறகு அந்த இளக்கமும் குறைந்து வருகிறது. இப்போது கமிட்டிக்காரர்கள் புக் செய்வதற்கு முன் வீடியோவைப் பார்த்துவிடுகிறார்கள். வேறோர் ஊரில் ஒரு தடவை சொன்ன பதிலை இங்கே திரும்பச் சொன்னால் "இது யூடியூப்ல பாத்ததுதான்" என்று கூட்டத்திலிருந்து குரல் வருகிறது.

கிழக்கு வெளுக்கும்போது கல்யாணம் முடிந்திருக்கும். பெண்கள் பாயைச் சுருட்டுவார்கள், தூங்கிப்போன பிள்ளைகளைத் தோளில் போடுவார்கள். மேடைக்குப் பின்னால் தேங்காய் எண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும் வள்ளியிடம் கமிட்டி ஆள் ஒருவர் போய் நிற்பார். "அடுத்த வருஷமும் நீதான்த்தா வரணும். பங்குனி மூணாஞ் செவ்வா." அந்தப் பெண் கையைத் துடைத்துவிட்டு டைரியை எடுத்துப் புரட்டும். "அன்னைக்குக் குடுத்துட்டேனேண்ணே."

"யாருக்கு?"

"பந்தல்குடிப் பக்கம்."

"நாரதர் யாரு?"