சொற்புதிர்

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலில், ஒரே திருமேனியில் ஒருபாதி சிவனும் மறுபாதி திருமாலுமாகச் சங்கரநாராயணர் காட்சி தருகின்றார். சிவனே பெரியவர் என்று சங்கனும், திருமாலே பெரியவர் என்று பதுமனுமாக நாக அரசர் இருவர் வாதிட்டனர் என்றும், இவ்வுருவைக் கண்டபின் அவ்வாதம் தீர்ந்தது என்றும் தலபுராணம் கூறும். ஒருபாதியை மட்டும் நோக்குபவர் முழுமையைக் காணார் என்பது இக்கதை உணர்த்தும் கருத்து. சொற்புதிரை விடுவிக்க விரும்புவோர்க்கும் இதுவே முதற்பாடம்.

குறுக்கெழுத்துப் புதிர் 1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் ‘நியூயார்க் வேர்ல்டு’ என்னும் செய்தித்தாளில் முதன்முதல் வெளிவந்தது. அதனை அமைத்தவர் ஆர்தர் வின் என்பவர். பின்னர் இங்கிலாந்தில், குறிப்பிலேயே விடையை மறைத்து வைக்கும் புதிர்கள் தோன்றி வளர்ந்தன. இத்தகைய குறிப்பு இரு பகுதிகளை உடையது. ஒரு பகுதி விடையின் பொருளைச் சொல்லும். மற்றொரு பகுதி அவ்விடையின் எழுத்துகள் அமையும் முறையைச் சொல்லும்.

‘மன்னன் சிலையோடு வணங்கும் இடம்’ என்று ஒரு குறிப்பு இருப்பதாகக் கொள்வோம். மேலோட்டமாகப் படிப்பவர் யாரோ ஓர் அரசரின் நினைவு மண்டபத்தைத் தேடுவர். நுணுகி நோக்குபவரோ, சிலை என்பதற்கு வில் என்னும் பொருளும் உண்டு என்பதை நினைப்பர். மன்னன் என்பது ‘கோ’. அதனோடு ‘வில்’ சேரக் ‘கோவில்’ ஆயிற்று. வணங்கும் இடமும் அதுவே. இரு பகுதியும் ஒரே விடையில் வந்து கூடின. கோவில் என்னும் சொல்லை இலக்கணம் ‘கோ + இல்’ என்றே பிரிக்கும். இடையில் நிற்கும் வகரம் உடம்படுமெய். ஆதலின், புதிரில் பிரிக்கும் முறையைச் சொற்பிறப்பு என்று மயங்குதல் கூடாது.

இவ்விளையாட்டு தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியர் ‘பிசி’ என்று கூறுவது விடுகதையையே ஆகும். தண்டியலங்காரம் கூறும் சித்திரகவிகளுள் ‘வினாவுத்தரம்’ என்பது ஒன்று. பல வினாக்களின் விடைகளைச் சேர்த்து ஒரு சொல்லாக்குவது அது. திருமகளின் பெயர் யாது? திரு. அரிசி தருவது யாது? நெல். பயிரைக் காப்பது யாது? வேலி. மூன்றும் சேரத் ‘திருநெல்வேலி’ ஆகும். ‘அக்கரச்சுதகம்’ என்பது எழுத்தை நீக்கி வேறு பொருள் காண்பது. சங்கரன்கோவிலில் எழுந்தருளியிருக்கும் அம்மையின் பெயர் கோமதி; அப்பெயரின் முதலெழுத்தை நீக்கின், வானத்து மதி தோன்றும்.

தமிழ்ப் புதிரில் கட்டத்துக்கு ஓர் எழுத்து. உயிர்மெய்யும் ஓரெழுத்தே, புள்ளி பெற்ற மெய்யும் ஓரெழுத்தே. ஆகவே சங்கரன்கோவில் என்பதற்கு எட்டுக் கட்டங்கள் வேண்டும். தமிழ்ச்சொல்லின் முதலில் தனிமெய் வாராது. ஒரு சொல் தொடங்கும் கட்டத்தில், அதனைக் குறுக்கே கடக்கும் விடையால் தனிமெய் வந்து நின்றால், அவ்விடையில் பிழையுண்டு என்று அறியலாம்.

குறிப்பின் ஒரு பகுதிக்கு மட்டும் பொருந்தும் விடையை விரைந்து எழுதுபவர், அதனோடு பின்னிய பிற சொற்களையும் பிழையாக்குவர். இரு பகுதியும் இசைந்தனவா என்று ஆராய்ந்து எழுதுபவர்க்கே கட்டங்கள் யாவும் நிறையும். படிக்கும் ஒவ்வொன்றையும் இவ்வாறே முழுதும் நோக்கிப் பொருள் கொள்ளப் பழகுதல் மாணவர்க்கு நலம் பயக்கும்.