காரணம் சொல்ல வேண்டியது யார்?

கோவையைத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்கிறோம். பஞ்சாலைகளால் வந்த பட்டம். அந்த இங்கிலாந்து நகருக்கு வேறொரு பெருமையும் உண்டு. இறக்குமதித் தானியத்துக்கு வரி போட்டு ரொட்டி விலையை ஏற்றிய சட்டங்களை எதிர்த்து 1838-இல் அங்கே ஓர் இயக்கம் கிளம்பியது, 1846-இல் வென்றது. அதன் பின்னே நின்ற கொள்கைதான் செவ்வியல் தாராளவாதம் (தனிமனித சுதந்திரத்தை முன்வைத்து அரசின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டும் கொள்கை).

தாராளம் என்றால் கைதாராளமா? இல்லை. 'இதை ஏன் செய்கிறாய்?' என்று அரசு கேட்டால் நீங்கள் விளக்க வேண்டியதில்லை. 'ஏன் தடுக்கிறோம்' என்று அரசுதான் விளக்க வேண்டும். கொள்கையின் சாரம் இவ்வளவுதான்.

இதைச் சொன்னவர்கள் யார்? உயிரையும் உடைமையையும் காக்கவே அரசு என்றார் 17-ஆம் நூற்றாண்டின் ஜான் லாக். தொழிலுக்குத் தேவையற்ற தடை கூடாது என்று 1776-இல் எழுதினார் ஆடம் ஸ்மித். பிறருக்குக் கேடு வந்தால் மட்டுமே தடுக்கலாம் என்று 1859-இல் கோடு கிழித்தார் ஜான் ஸ்டூவர்ட் மில்.

நம் பக்கம் யார் பேசினார்கள்? சேலத்தில் வக்கீல் தொழில் செய்து, திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் காந்தி ஆசிரமம் நடத்திய ராஜாஜி. 1959-இல், 80 வயதில், சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு நூற்பாலை தன் கதிர்களைக் கணிசமாகக் கூட்டவும் டெல்லியின் அனுமதி வேண்டியிருந்தது. இதைத்தான் 'லைசென்ஸ், பெர்மிட், கோட்டா ராஜ்யம்' என்று சாடினார். பெரும்பாலான தொழில்களுக்கு அந்த உரிமம் 1991-இல்தான் நீங்கியது.

அப்படியானால் யாரும் எதையும் செய்யலாமா? கூடாது. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் கலந்து, கீழே இருந்த விவசாயியின் கிணற்றைக் கெடுத்தது. 2011-இல் சாய ஆலைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மில் கிழித்த கோடு அங்கே நின்றது.

எழுத்துக்கு? பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் வழக்கில் 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் நின்றது. பிடிக்காத புத்தகத்தை மூடிவைக்கலாம். எழுதியவரை முடக்கக் கூடாது.

உங்கள் காடு தோட்டத்துக்கு? சொத்துரிமை இன்று அடிப்படை உரிமை அல்ல. 1978-ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம் அதை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து நீக்கி, வெறும் அரசியலமைப்பு உரிமையாக்கியது. கொங்கு மாவட்டங்கள் வழியே கொண்டுபோகத் திட்டமிட்ட கெயில் எரிவாயுக் குழாய் வழக்கில் விவசாயிகள் அதன் பொருளை உணர்ந்தார்கள். 1962-ஆம் ஆண்டுக் குழாய்ச் சட்டப்படி, பட்டா உங்கள் பெயரில்தான் இருக்கும். ஆனால் குழாய் போகும் பட்டையில் கிணறு வெட்ட முடியாது, மரம் வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது.

எனவே இப்படியோர் அறிவிப்பு வந்தால் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். அறிவிப்பு வெளியான 21 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தர அதே சட்டம் வழி வைத்திருக்கிறது. எந்த அலுவலகம் உங்களைத் தடுத்தாலும் முதலில் இதைக் கேளுங்கள்: எந்தச் சட்டம், எந்தப் பிரிவு? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.