கருத்துக்கும் கைடு வேண்டுமா?

மதிப்பிடும் திறனை எல்லாப் பாடங்களிலும் வளர்க்கச் சில வகுப்பறை யோசனைகள்

மேல்வகுப்புத் தமிழ்த் தேர்வுகளில் ‘நயம் பாராட்டுக’ என்றொரு கேள்வி உண்டு. முன்பின் பார்க்காத பாட்டைக் கொடுத்து, இது ஏன் நல்ல பாட்டு என்று மாணவரைச் சொல்லவைப்பதுதான் அதன் நோக்கம். நடப்பது வேறு. திரண்ட கருத்து, மையக் கருத்து, மோனை, எதுகை, அணி என்று தலைப்புகள் தயாராக இருக்கின்றன. எந்தப் பாட்டுக்கும் பொருந்துகிற முன்னுரை ஒன்று மனப்பாடமாக இருக்கிறது. பாட்டிலிருந்து நாலு சொற்களை எடுத்துக் கோடிட்ட இடத்தில் போட்டால் மதிப்பெண் வந்துவிடும். பாட்டு பிடித்ததா, எந்த வரி சுமார், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. சுயமாக யோசிக்கவென்றே வைத்த கேள்விக்கும் கைடு வந்துவிட்டது.

அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூமும் அவருடைய குழுவினரும் 1956இல் கற்றல் நோக்கங்களைப் படிப்படியாக அடுக்கியபோது, உச்சிப்படியில் வைத்தது மதிப்பிடுதலை. 2001இல் திருத்தப்பட்ட அடுக்கில் படைத்தல் மேலே போனது. மதிப்பிடுதல் அதற்கு அடுத்த படியில் நின்றது. பி.எட். படித்த எல்லோருக்கும் இந்த அடுக்கு தலைகீழ்ப் பாடம். வகுப்பறையில்தான் நாம் பெரும்பாலும் முதல் இரண்டு படிகளோடு நின்றுவிடுகிறோம்.

‘உன் கருத்து என்ன?’ என்று கேட்டுவிட்டால் மட்டும் மதிப்பிடும் திறன் வந்துவிடாது. பிடிக்கும், பிடிக்காது என்பது கருத்து. எந்த அளவுகோலை வைத்துப் பார்க்கிறோம், அதற்கு என்ன சான்று, அதிலிருந்து என்ன தீர்ப்பு என்று வரிசையாகப் போவதுதான் மதிப்பீடு. அளவுகோலையும் ஆசிரியரே எழுதிப் போட்டுவிட்டால் மாணவருக்கு மிஞ்சுவது டிக் அடிக்கிற வேலைதான். அளவுகோலை உருவாக்குகிற பொறுப்பைப் பிள்ளைகளிடம் விடுவதில்தான் எல்லாம் இருக்கிறது.

தமிழ்: பாண்டியன் கையில் இருந்த சான்று

சிலப்பதிகாரம் நடத்தும்போது, சிலம்பைத் திருடியதாகக் கோவலனைக் கொல்லவைத்த பாண்டியன் தவறு செய்தான் என்று நாமே சொல்லிவிடுகிறோம். அதைச் சொல்லாமல், ஒரு பீரியடை விசாரணைக் கூடமாக்கலாம். தீர்ப்பு சொன்ன நேரத்தில் மன்னன் கையில் என்னென்ன இருந்தன என்று ஒரு குழு பட்டியல் போடட்டும். பொற்கொல்லனின் வாய்ச்சொல் ஒன்றுதான். அரசியின் சிலம்பு ஒருவனிடம் இருக்கிறது என்ற செய்தியும் அந்தப் பொற்கொல்லன் சொன்னதுதான். இன்னொரு குழு, மன்னன் என்னென்ன கேட்டிருக்க வேண்டும் என்று எழுதட்டும். சிலம்பின் உள்ளே இருப்பது என்ன? அது காணாமல் போனபோது கோவலன் எங்கே இருந்தான்? குற்றம் சாட்டுகிறவனுக்கு இதில் என்ன ஆதாயம்? முத்தா, மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்தச் சோதனை கொலைக்குப் பிறகுதான் நடந்தது.

இதில் பலரும் தாண்டிப் போகிற ஓரிடம் உண்டு. கோவலனைப் பார்த்த காவலர்கள், இவன் தோற்றம் கொலைத்தண்டனைக்கு உரியவனின் தோற்றமாக இல்லையே என்று தயங்குகிறார்கள். கேட்டதும் வகுப்பு முழுக்கக் காவலர் பக்கம் சாயும். அப்போது ஆசிரியர் ஒரு கேள்வி போட வேண்டும்: “ஆளைப் பார்த்தா திருடன் மாதிரி இல்லைங்கிறது ஆதாரமா?” தங்களுக்குப் பிடித்த முடிவுக்கும் பலவீனமான சான்று இருக்கலாம் என்று பிள்ளைகள் உணர்கிற நேரம் அது. மதிப்பிடும் பயிற்சியில் இதைவிடக் கடினமான பாடம் வேறில்லை.

வரலாறு: ஒரே நாள், இரண்டு எண்கள்

1919 ஏப்ரல் 13, ஜாலியன்வாலாபாக் துப்பாக்கிச் சூடு. அரசு அமைத்த ஹண்டர் குழு ஏற்ற கணக்குப்படி இறந்தவர்கள் 379 பேர். காங்கிரஸ் அமைத்த விசாரணைக் குழுவின் மதிப்பீடு ஏறத்தாழ 1,000. இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டு, எதை நம்புவது என்று கேளுங்கள். ‘வெள்ளைக்காரன் பொய் சொல்வான்’ என்று பின்பெஞ்சிலிருந்து பதில் வரும். அது தீர்ப்பு, சான்று எங்கே?

பிறகு ஒவ்வொரு விவரமாகக் கொடுங்கள். சுடப்பட்டவை 1,650 தோட்டாக்கள். இறந்தவர்களைக் கணக்கெடுக்கும் வேலையை அரசு தொடங்கியது சுமார் மூன்று மாதம் கழித்து, ஜூலையில். உங்கள் வீட்டில் யாராவது இறந்திருந்தால் வந்து சொல்லுங்கள் என்று மக்களைக் கேட்டார்கள். சொன்னால், தடையை மீறிய கூட்டத்துக்கு நம் வீட்டு ஆளும் போனது வெளியே தெரிந்துவிடுமே என்று பலர் பயந்தார்கள். இந்த விவரம் வந்ததும் வகுப்பின் பேச்சு மாறும். யாரோ வேண்டுமென்றே பொய் சொல்லாமலே ஒரு கணக்கு குறைந்துபோகலாம் என்பது புரியும். உடனே அடுத்த கேள்வி: காங்கிரஸ் குழுவுக்கு எண்ணைக் கூட்டிச் சொல்லக் காரணம் இருந்திருக்குமா? இரண்டு பக்கத்தையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். யார் எண்ணினார்கள், எப்போது, எப்படி, எந்த நோக்கில்? இந்த நான்கு கேள்விகளையும் பிள்ளைகளே உருவாக்கிவிட்டால், நாளைக்கு வாட்ஸ்அப்பில் வருகிற செய்திக்கும் அவை உதவும்.

கணக்கு: எந்தக் கடை லாபம்?

100 கிராம் டீத்தூள் 20 ரூபாய். முதல் கடை அதே விலைக்கு 25% கூடுதல் தருகிறது. இரண்டாவது கடையில் 25% தள்ளுபடி. மூன்றாவதில் இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம். 100 கிராமுக்கு முதல் கடையில் 16 ரூபாய், இரண்டாவதில் 15, மூன்றாவதில் 13 ரூபாய் 33 காசு. கணக்கு இங்கே முடிந்தது, மதிப்பீடு இனிமேல்தான். கையில் 20 ரூபாய்தான் இருக்கிறது என்றால் மூன்றாவது கடைக்குப் போகவே முடியாது. வீட்டில் இரண்டே பேர் என்றால் 300 கிராம் தீர்வதற்குள் மணம் போய்விடும். விடை ஒன்றுதான், ஆனால் தீர்ப்பு வீட்டுக்கு வீடு மாறும்.

புவியியல், அறிவியல்: புத்தகத்தையே கேள்வி கேட்பது

சுவரில் தொங்குகிற உலக வரைபடம் மெர்கேட்டர் முறையில் வரைந்ததாக இருந்தால், அதில் கிரீன்லாந்து கிட்டத்தட்ட ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப் போலப் பதினான்கு மடங்கு. சுமார் 32.87 லட்சம் சதுர கிலோமீட்டர் உள்ள இந்தியாவே கிரீன்லாந்தைவிடப் பெரியது. ‘அப்படீன்னா மேப் தப்பா, சார்?’ என்று கேட்பார்கள். 1569இல் இது மாலுமிகளுக்காக வரையப்பட்டது. கடலில் திசை பிடிக்க அருமையான படம். நாடுகளின் பரப்பை ஒப்பிட உதவாத படம். ‘நல்லதா?’ என்று கேட்பதற்கு முன் ‘எதற்கு?’ என்று கேட்கவேண்டும் என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

அறிவியலில் மூன்று பீன்ஸ் சோதனையை எடுத்துக்கொள்ளலாம். குவளையில் பாதி தண்ணீர். அதில் நிறுத்திய பட்டையில் மேலே, நடுவே, அடியில் என மூன்று விதைகள். நடு விதை முளைக்கும், அதற்குத்தான் காற்றும் நீரும் கிடைத்தன என்று முடித்துவிடுவோம். இந்தச் சோதனைக்கே மார்க் போடச் சொல்லுங்கள். மேலே இருந்தது சொத்தை விதையாக இருந்திருந்தால்? ஓரிடத்துக்கு ஒரே விதை போதுமா? வெப்பமும் தேவை என்று புத்தகம் சொல்கிறதே, அதை இந்தச் சோதனை காட்டியதா? மூன்று இடத்திலும் பத்துப் பத்து விதை வைக்கலாமே என்று ஒரு பிள்ளை சொன்னால், அறிவியலின் அடிப்படை அங்கே பிடிபட்டுவிட்டது.

மார்க் போடுவது எப்படி?

ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினால் எப்படித் திருத்துவது என்பது நியாயமான கவலை. ஐந்து மதிப்பெண் கேள்வி என்றால் இப்படிப் பிரிக்கலாம்: அளவுகோலைத் தெளிவாகச் சொன்னதற்கு 1, சான்றுகளுக்கு 2, எதிர்த்தரப்பையும் கணக்கில் எடுத்ததற்கு 1, சொன்ன சான்றிலிருந்தே முடிவு வருகிறது என்றால் 1. தீர்ப்புக்கென்று தனி மதிப்பெண் கிடையாது. நேரெதிராக எழுதிய இருவரும் ஐந்துக்கு ஐந்து வாங்கலாம். இதை ஒருமுறை கண்ணால் பார்த்த பிள்ளைகள், சார் மனதில் என்ன விடை இருக்கிறது என்று ஊகிப்பதை நிறுத்துவார்கள்.

போர்ஷன் முடிய வேண்டாமா என்பது அடுத்த கவலை. மேலே சொன்ன எதுவும் பாடத்துக்கு வெளியே இல்லை. எல்லாப் பாடத்திலும் செய்யவும் வேண்டாம். பருவத்துக்கு இரண்டு பாடங்களைத் தேர்ந்தெடுத்தால் போதும். நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் எல்லோரும் பேச முடியாது. முதல் ஐந்து நிமிடம் அவரவர் நோட்டில் தனியாக எழுதிவிட்டு, பிறகு நால்வர் குழுவாகப் பேசினால் சத்தமாகப் பேசுகிறவர் பின்னால் மற்றவர்கள் போகமாட்டார்கள்.

இதில் ஆசிரியருக்கும் ஒரு தேர்வு உண்டு. அளவுகோல் கேட்கப் பழகிய வகுப்பில், ஒருநாள் ஒரு மாணவி எழுந்து, “இதுக்கு என்ன ஆதாரம், மிஸ்?” என்று நம்மையே கேட்பாள். அதிகப்பிரசங்கி என்று அவளை உட்காரவைத்தால், அதுவரை நடத்தியதெல்லாம் வீண். ஆதாரம் இருந்தால் காட்டுங்கள். இல்லையென்றால் ‘சேர்ந்து தேடுவோம்’ என்று சொல்லுங்கள். மறுநாள் இன்னும் நாலு பேர் கை தூக்குவார்கள்.