கடலடிக் கதையும் முத்துக்கரையும்

பாண்டி நாட்டுக் கொற்கையில் விளைந்த முத்தின் பெருமையைப் பழந்தமிழ்ப் புலவர் பலர் பாடியுள்ளனர். கொற்கைத் துறை மணல் மேடிட்டுக் கடல் விலகிப் போனபின், அப்பெருமை காயலுக்கும், பின்னர்த் தூத்துக்குடிக்கும் உரியதாயிற்று. முத்து சிப்பியின் வயிற்றில் விளைவது என்பதை இக்கரையில் வாழ்ந்தோர் நன்கு அறிவர். ஆயினும் புலவர்கள் அதனோடு நில்லாமல், மூங்கிலிலும் கரும்பிலும் யானையின் கொம்பிலும் முத்துப் பிறக்கும் என்றனர். மழைத்துளி சிப்பியின் வாயில் வீழ்ந்து முத்தாகும் என்றனர். மூங்கிலைப் பிளந்து முத்தைக் காட்டுக என்று எவரும் அவர்களை வழக்குக்கு இழுக்கவில்லை.

உலகில் நிகழாததை நிகழ்ந்ததுபோல் உரைக்கும் கதைகளுக்குத் தமிழ் இலக்கணத்திலும் இடம் உண்டு. தொல்காப்பியர் உரைநடையின் வகைகளைக் கூறுமிடத்து, உண்மைப் பொருளின் வழிப்படாத புனைவுமொழியையும் ஒரு வகையாக எண்ணினார். யானையும் குருவியும் நட்புக்கொண்டு ஓரிடம் சென்று ஒரு செயலைச் செய்தன என்றாற்போலச் சொல்லும் கதையை அதற்கு எடுத்துக்காட்டாகப் பேராசிரியர் தம் உரையில் காட்டினார். இக்காலத்தில் மாயக்கதை, அறிவியற் புனைகதை, பேய்க்கதை என்று வழங்குவன யாவும் அப்பழைய வகையின் கிளைகளே எனலாம். அவற்றை மதிப்பிடப் புகுவோன், ‘இது நடந்ததா?’ என்று வினவுதலால் பயன் இல்லை. வேறு எவற்றை வினவ வேண்டும் என்பதை ஒரு நூலைக் கையில் வைத்துக்கொண்டு அறிதலே எளிது. தூத்துக்குடிக் கரையில் வாழ்வோர்க்கு மிகவும் ஏற்ற நூல் ஒன்று பிரெஞ்சு மொழியில் உண்டு. அந்நூல் அவர்களுடைய கடலுக்குள்ளேயே வந்து போகின்றது.

ஜூல்ஸ் வெர்ன் என்பவர் 1828 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் நாந்து நகரில் பிறந்தவர். அவர் 1869, 1870 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கதையின் பெயர் ‘கடலடியில் இருபதாயிரம் காதம்’ என்னும் பொருள்படுவது. நாட்டிலஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பலைத் தானே அமைத்து, அதிலேயே வாழ்ந்து, கரையை வெறுத்துத் திரியும் நெமோ என்பவனே அக்கதையின் தலைவன். நெமோ என்னும் இலத்தீன் சொல்லுக்கு ‘ஒருவரும் இல்லை’ என்பது பொருள். அரோனாக்ஸ் என்னும் பேராசிரியரும், அவருடைய ஏவலாளன் கோன்செயும், திமிங்கில வேட்டையில் வல்ல நெட்லாண்டும் அவனுடைய கப்பலில் சிறைப்பட்டோராய்ச் செல்கின்றனர். கதைப்படி 1868 ஆம் ஆண்டு சனவரித் திங்களின் இறுதியில் அக்கப்பல் இலங்கையை அடைந்து, மன்னார் வளைகுடாவினுள் நுழைகின்றது.

அங்கே நெமோ தன் விருந்தினரைக் கடலடிக்கு அழைத்துச் செல்கிறான். நால்வரும் செம்பினாலான தலைக்கவசம் பூண்டு, காற்று அடைத்த கலங்களை முதுகில் தாங்கி, சிப்பிப் பார்களின் மேல் நடக்கின்றனர். ஒரு குகையில் பேருருவான சிப்பி ஒன்றைக் காண்கின்றனர். அதனுள்ளே தேங்காய் அளவினதாகிய முத்து ஒன்று வளர்ந்து வருகின்றது. நெமோ அதனை எடுத்துக்கொள்ளவில்லை. இன்னும் பெரிதாக வளரட்டும் என்று அங்கேயே விட்டுவைத்திருக்கிறான்.

குகையை விட்டு வெளியே வந்தபோது முத்துக் குளிக்கும் இந்தியன் ஒருவன் மேலிருந்து இறங்குகிறான். காலிடையே கல்லைப் பற்றி, அதன் கனத்தால் விரைந்து ஆழம் சென்று, சிப்பிகளைப் பையில் வாரிக்கொண்டு மேலேறுகிறான், மீண்டும் இறங்குகிறான். இவ்வாறு பல முறை நிகழ்ந்தபின் பெருஞ்சுறா ஒன்று அவனை நோக்கிப் பாய்கின்றது. அதன் வால் மார்பில் தாக்க, அவன் தரையில் வீழ்கிறான். நெமோ கையில் உடைவாளுடன் சுறாவை எதிர்க்கிறான். அவனும் சுறாவின் அடியில் அகப்பட்ட வேளையில் நெட்லாண்டின் எறியீட்டி அதன் நெஞ்சில் பாய்கின்றது. உடனே நெமோ இந்தியனைக் கல்லோடு பிணித்திருந்த கயிற்றை அறுத்து, அவனைத் தழுவி எடுத்துக்கொண்டு மேலே எழுகிறான். படகில் கிடத்தி உயிர்ப்பித்தபின், முத்துகள் நிறைந்த சிறு பை ஒன்றை அவன் கையில் வைத்துவிட்டு மீண்டும் நீருள் மறைகிறான்.

கதை இவ்வளவே. இனி இதனை மதிப்பிடும் முறை யாது? வியப்புக்கதை எத்துணை உயரப் பறப்பினும் அதன் கால் ஊன்றும் நிலம் ஒன்று உண்டு. அந்நிலம் மெய்யாக இருத்தல் வேண்டும். அன்றேல் படிப்போன் பறத்தலையும் நம்பான். வெர்ன் இக்கரையைக் கண்டவர் அல்லர். பிறர் எழுதியவற்றைப் படித்தே எழுதினார். அவ்வாறிருந்தும், குளிப்புக் காலம் மார்ச்சுத் திங்களில் தொடங்குவது என்பதும், குளிப்போர் இரு பிரிவாக நின்று மாறி மாறி இறங்குவர் என்பதும், மூச்சடக்கும் நேரம் ஒரு நிமிடத்தின் அளவினதே என்பதும் அவருடைய நூலில் வழுவின்றி இடம்பெற்றுள்ளன. நாள் முழுதும் மூச்சடக்கி இருப்பர் என்று அளந்துவிடவில்லை. அயலார் எழுதிய நூலில் இத்துணை அளவறிந்த கூற்றைக் காண்பது அரிது.

பேரளவு முத்தைப் பற்றிச் சிறிது ஆராய்தல் தகும். தேங்காய் அளவு முத்து என்பதைக் கண்டு நகைப்போர் உளர். நகைக்க வேண்டிய இடம் அதுவன்று. பெருஞ்சிப்பியின் வயிற்றில் பெரிய கட்டிகள் விளைவது உண்டு. பிலிப்பைன்சு நாட்டுப் பலாவன் தீவின் கடலில் 1934 ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட ஒன்று ஆறு கிலோவுக்கு மேற்பட்ட எடையுடையது. பிழை ஒளியில் உள்ளது. முத்துச்சிப்பியின் உட்புறத்துப் பளபளப்பு அப்பெருஞ்சிப்பிக்கு இல்லை. ஆதலின் அதில் விளையும் கட்டி பீங்கான் போல் வெளுத்திருக்குமேயன்றி, வெர்ன் கூறும் நீரோட்டம் அதற்கு இராது. தூத்துக்குடியில் முத்து வாணிகம் செய்த முதியவர் எவரும் அதனைத் தராசில் ஏற்றார்.

எனினும் அப்பகுதியில் வேறொரு சிறப்பு உண்டு. சிப்பியினுள் கண்ணாடித் துண்டையோ உலோகத் துண்டையோ வைத்து நெமோ அம்முத்தை விளைவித்திருக்கலாம் என்று பேராசிரியர் அரோனாக்ஸ் எண்ணுவதாக வெர்ன் எழுதினார். சப்பான் நாட்டு மிகிமோட்டோ சிப்பியில் அரைவட்ட முத்தை வளர்த்தெடுத்தது 1893 ஆம் ஆண்டில்தான். தூத்துக்குடிக்கு அருகில் வேப்பலோடையில், நடுவண் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியுள் கருமணி வைத்து உருண்டை முத்தை விளைவித்தது 1973 ஆம் ஆண்டில். பின்னர் நிகழ்ந்ததை முன்னரே கூறினார் என்பதனால் மட்டும் ஒரு கதை உயர்ந்ததாகிவிடாது. சீனரிடம் வழங்கிய பழைய முறையைக் கேள்வியுற்று, அதிலிருந்து ஒரு படி மேலே எண்ணிய திறமே ஈண்டுப் பாராட்டத்தக்கது.

குளிப்போர் பெறும் கூலியைப் பற்றியும் அந்நூலில் பேச்சு உண்டு. முத்துள்ள சிப்பி ஒன்றுக்குச் செப்புக்காசு ஒன்றே கிடைக்கும் என்று கேட்டுப் பேராசிரியர் மனம் கொதிக்கிறார். இக்கரை வழக்கம் அதுவன்று. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரசு நடத்திய குளிப்பில் எடுத்த சிப்பிகளை மூன்று கூறாக்கி, ஒரு கூறு குளித்தோர்க்கும் இரண்டு கூறு அரசுக்கும் எனப் பகிர்ந்தனர். கணக்கில் வெர்ன் தவறினாலும், உழைத்தவனுக்குக் கிடைப்பது குறைவு என்று அவர் இரங்கியதில் தவறு இல்லை.

இவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. அது கயிற்றைப் பற்றியது. வெர்ன் காட்டும் இந்தியன் தனியனாய்ப் படகில் வருகிறான். தானே இறங்கித் தானே ஏறிக் கல்லையும் தானே இழுக்கிறான். இக்கடலில் முத்துக் குளித்தல் தனியன் தொழில் அன்று. குளிப்பவன் நீருள் இருக்கும்போது, அவனுடைய கயிற்றைப் பற்றிய வண்ணம் ஒருவன் படகில் நிற்பான். குளிப்பவன் தரையை அடைந்ததும் கல்லை விடுவான்; மேலிருப்பவன் அதனை இழுத்துக்கொள்வான். குளிப்பவன் கயிற்றை அசைத்ததும் அவனையும் சிப்பிக் கூடையையும் விரைந்து மேலே இழுப்பான். கண் ஒரு கணம் அயர்ந்தால் கீழிருப்பவன் உயிர் போகும். அதனால் கயிறு பிடிப்பவன் மனைவியின் உடன்பிறந்தானாக இருத்தல் வேண்டும் என்பது இக்கரையில் வழங்கும் பேச்சு. தன் தமக்கையோ தங்கையோ தாலி இழப்பதை எவனும் விரும்பான் அன்றோ? சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் கடற்கட்டி என்பவனும் இருந்தான். அவனுக்கு இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதை 13 ஆம் நூற்றாண்டில் இப்பக்கம் வந்த மார்க்கோபோலோ குறித்துள்ளார்.

இவர்களுள் ஒருவரேனும் வெர்ன் கதையில் இல்லை. குளிப்புக் காலம் தொடங்குமுன் யாரும் அறியாமல் நாலு சிப்பி பொறுக்க வந்த ஏழை அவன் என்று அவர் ஒரு காரணம் கூறிவிடுகிறார். காரணம் பொருந்துவதே. ஆயினும் அதன் விளைவை நோக்குக. உயிரைக் காக்கும் கயிறு அக்கதையில் உயிரைத் தளைக்கும் கயிறாக மாறிவிட்டது. நெமோ அதனை அறுத்தபின்பே அந்த இந்தியன் பிழைக்கிறான். தலைவனின் வீரம் விளங்குதற்பொருட்டு மைத்துனனைப் படகிலிருந்து இறக்கிவிட்டார் ஆசிரியர்! கதைக்கு அது வசதி. மன்னார்க் கடலுக்கு அது நட்டம்.

இத்துணையும் கூறியபின், அப்பகுதியில் ஆசிரியர் தம் முழு ஆற்றலையும் காட்டிய இடத்தைக் கூறாதிருத்தல் முறையன்று. படகில் கிடந்த இந்தியன் கண் விழிக்கிறான். அவன் முகத்தின்மேல் நான்கு பெரிய செப்புத் தலைகள் குனிந்து நோக்குகின்றன. அவன் நடுங்குகிறான். முத்துப் பையைப் பெறும்போதும், தனக்கு உயிரையும் பொருளையும் தந்தவர் எவ்வுலகத்தார் என்று அறியாது மருள்கிறான்.

அதுவரை செப்புக் கவசம் பேராசிரியர் அரோனாக்சுக்கு அறிவியற் கருவியாகவே தோன்றியது. அதன் காற்றுக்கலம் எத்தனை நாழிகைக்குப் போதும் என்பதைக்கூட அவர் கணக்கிட்டு அறிவார். அதே கவசம் இந்தியன் கண்ணுக்குப் பேயுருவாயிற்று. பையை நீட்டிய கை கடல் தெய்வத்தின் கையாயிற்று. அறிவியற் கதை, பேய்க்கதை, மாயக்கதை ஆகிய மூன்றும் ஒரே படகில், ஒரே நொடியில் நிற்கின்றன. அவற்றைப் பிரிப்பது காண்போன் நிற்கும் இடமே. பாரிசில் இருந்து படித்தவர் பேராசிரியரின் கண்ணால் அக்காட்சியைக் கண்டனர். தூத்துக்குடியில் இருந்து படிப்போர்க்கு மற்றவன் கண்ணும் உண்டு. அவன் இவ்வூரானாகவே இருந்திருக்கலாம். இலங்கைப் பக்கத்துக் குளிப்புக்குத் தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் ஆட்கள் சென்று வந்தனர். திறனாய்வோன் இரு கண்ணாலும் காண வேண்டிய இடம் இது.

கப்பலுக்குத் திரும்பியபின் பேராசிரியர் நெமோவிடம் வியப்போடு பேசுகிறார். மாந்தரை வெறுப்பவன் ஒரு மனிதனுக்காக உயிரைப் பணயம் வைத்தது எங்ஙனம் என்பது அவருடைய ஐயம். அவ்விந்தியன் ஒடுக்கப்பட்ட நாட்டினன் என்றும், தானும் இறுதி மூச்சுவரை அந்நாட்டினனே என்றும் நெமோ விடையளிக்கிறான். அதன் முழுப்பொருளை அந்நூல் வெளியிடவில்லை. 1874, 1875 ஆம் ஆண்டுகளில் வந்த ‘மறைபொருள் தீவு’ என்னும் கதையிலேயே, நெமோ புந்தேல்கண்டு அரசன் மகன் என்பதும், 1857 ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலேயரை எதிர்த்தவன் என்பதும் தெரியவருகின்றன. அவனைத் திப்புவின் மருகன் என்றும் வெர்ன் எழுதிவிட்டார். புந்தேல்கண்டு எங்கே, சீரங்கப்பட்டினம் எங்கே! முதலில் அவனை உருசியரால் குடும்பத்தை இழந்த போலந்து நாட்டானாகப் படைக்க எண்ணிய ஆசிரியர், பதிப்பாளர் இசையாமையால் அதனைக் கைவிட்டார் என்பது வரலாறு.

இக்கதை திரைப்படமாகப் பல முறை வந்துள்ளது. 1916 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எடுத்த ஊமைப்படத்தில் நெமோ இந்திய இளவரசனாகவே வருகிறான். ஆனால் முத்துக் குளிப்பவனைப் பிடிப்பது சுறா அன்று, பெருங்கணவாய். 1954 ஆம் ஆண்டில் வால்ட் டிசுனி நிறுவனத்தார் எடுத்த வண்ணப்படத்தில் கணவாயோடு நடக்கும் போர் பெரும்புகழ் பெற்றது. மன்னார் வளைகுடாவும் முத்துக் குளிப்பவனும் அதில் இல்லை. அப்படம் வெளிவந்த மறு ஆண்டில் தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு மீண்டும் தொடங்கி 1961 வரை நடைபெற்றது. அதன்பின் நடைபெறவில்லை.

வெர்ன் கதையின் இந்தியன் அன்று படகைச் செலுத்திக் கரை சேர்ந்திருப்பான். மார்பில் சுறாவின் வால் பட்ட தழும்பும், மடியில் முத்துப் பையுமாகத் தன் வீட்டு வாயிலில் நின்று அவன் கூறிய கதை எத்தகையதாய் இருந்திருக்கும் என்பதை அந்நூல் சொல்லவில்லை. கேட்ட மைத்துனன் அதனை நம்பினானா என்பதும் தெரியவில்லை.