சுவர்கள் மூச்சுவிடட்டும்

பொங்கல் நெருங்கினால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது தமிழகத்தின் பழைய வழக்கம். இன்று சுண்ணாம்பின் இடத்தைப் பெரும்பாலும் எமல்ஷன் வண்ணப்பூச்சுகள் பிடித்துக்கொண்டுவிட்டன. சுண்ணாம்பு வசதியற்றோரின் பூச்சு என்ற எண்ணமும் பரவிவிட்டது. ஆனால், அது வெறும் நிறமன்று, சுவருக்கான காப்பு.

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடும்போது, அதிலுள்ள கரியமில வாயு வெளியேறுகிறது. எஞ்சும் சுட்ட சுண்ணாம்பில் நீர் விட்டால், அது கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகிறது. அதைக் கரைத்துச் சுவரில் பூசியதும், காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உட்கொண்டு மீண்டும் கல்லாக இறுகுகிறது. எமல்ஷன் சுவரின்மீது படலமாகப் படிகிறது. சுண்ணாம்போ சுவரோடு சுவராகிவிடுகிறது.

இந்த வேறுபாடு பழைய வீடுகளுக்கு மிக முக்கியமானது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பிய சுவர்கள் தரையின் ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் வெளியேற்றும் தன்மை கொண்டவை. அவற்றின்மேல் சிமென்ட்டைப் பூசி வண்ணமும் அடித்தால் ஈரம் வெளியேற வழியின்றி மேலேறுகிறது. அதனுடன் வரும் உப்பு உறைந்து, பூச்சு உப்பி உதிர்கிறது. நாளடைவில் செங்கல்லே பொடியாகிறது. பாதுகாப்பதாக எண்ணிச் செய்யும் செலவே கட்டடத்தைச் சிதைக்கிறது.

புதிய சுண்ணாம்பின் கடும் காரத்தன்மையில் பூஞ்சையும் கிருமிகளும் எளிதில் வளர்வதில்லை. பூச்சு கல்லாக இறுக இறுக அக்காரம் குறைந்துவிடும். ஆண்டுதோறும் வெள்ளையடித்ததன் பயன் இதிலும் அடங்கியிருக்கிறது.

வெண்மைக்கும் பயனுண்டு. 2010-ஆம் ஆண்டின் கடும் வெப்ப அலைக்குப் பிறகு, 2013-இல் வெப்பத் தடுப்புச் செயல்திட்டம் வகுத்த அகமதாபாத் நகரம், பின்னர் எளிய மக்களின் வீட்டுக் கூரைகளில் வெண்சுண்ணாம்பு பூசும் பணியையும் மேற்கொண்டது. வெயிலைத் திருப்பி அனுப்பும் கூரை, குளிர்சாதன வசதி இல்லாத வீட்டுக்குப் பெரும் ஆறுதல்.

குறைகளும் இல்லாமலில்லை. சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்தால் ஆடையில் வெள்ளை ஒட்டும், அடைமழையில் கரையும், அடிக்கடி பூச வேண்டும். எமல்ஷன் அடித்த சுவரில் அதைச் சுரண்டி எடுக்காமல் பூசினால் பிடிக்காது. சுவரை முதலில் நனைத்து, நீர்க்கப் கரைத்த சுண்ணாம்பை மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை அடிப்பதே சரியான முறை. ஒரே முறையில் தடிப்பாகப் பூசினால் வெடித்து உதிரும். சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

எல்லாப் புதிய வீடுகளுக்கும் சுண்ணாம்பே பூச வேண்டும் என்பதன்று வாதம். காரைக் கட்டடங்களாக நிற்கும் பழைய பள்ளிகள், அரசு அலுவலகங்கள், கோயில் மண்டபங்கள் ஆகியவற்றையேனும் சிமென்ட்டிடமிருந்து காக்க வேண்டும். அவற்றின் பராமரிப்பு ஒப்பந்தங்களில் சுண்ணாம்புப் பூச்சைக் கட்டாயமாக்கலாம். நீற்றவும் பூசவும் அறிந்த முதிய கொத்தனார்களைக் கொண்டு இளையோருக்குப் பயிற்சி அளிக்கலாம். கட்டடத்தைப் பின்னாளில் சீரமைத்துவிடலாம். கைப்பழக்கமாக வந்த தொழிலறிவு அறுந்துபோனால் மீட்பது எளிதன்று.